உயிர்களின் மூன்றாவது பெருங்குடும்பம்



சில ஆண்டுகளுக்கு முன், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் தேர்வு ஒன்று வைத்தேன். 'கிருமிகள் என்ன செய்கின்றன?' என்பது அதில் ஒரு கேள்வி. நோயைப் பரப்புகின்றன, உணவைக் கெடுக்கின்றன, பல்லைச் சொத்தையாக்குகின்றன என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் 'கிருமி செடிக்கு உரம் போடும்' என்று எழுதியிருந்தாள். நான் சற்றும் யோசிக்காமல் சிவப்பு மையால் அந்த வரியை அடித்துவிட்டேன்.

மறுநாள் அவளுடைய பாட்டியே பள்ளிக்கு வந்துவிட்டார். சண்டை போட அல்ல. "நாந்தான் சார் புள்ளைக்கு அப்படிச் சொன்னேன். நாங்க வேலைக்குப் போன காலத்துல, கொடி விதையில கருப்புப் பொடி ஒண்ணு கலந்து விதைப்போம். அதுக்குள்ள கிருமி இருக்கு, வெயில்ல வெச்சா செத்துப் போயிரும்னு கிராணி சொல்லுவாரு. அந்தக் கிருமிதான் மண்ணுக்கு உரம்னு சொன்னாங்க. தப்பா சார்?" என்று கேட்டார்.

தப்பே இல்லை. தவறு செய்தவன் நான்தான். பயிற்சிக் கல்லூரியில் கிருமிகளைப் பற்றி நான் எழுதிய பாடக் குறிப்பில் நோய்களின் பட்டியல் ஒன்றுதான் இருந்தது. அதையே பிள்ளைகளுக்கும் கற்பித்து வந்தேன். அந்தப் பாட்டியின் கேள்விக்கு முழுமையான விடை தேடிப் படித்தபோது நான் அறிந்துகொண்டவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அந்தக் கருப்புப் பொடியைப் பார்ப்போம்.

புதிதாக ரப்பரோ செம்பனையோ நடும்போது, கன்றுகளுக்கு இடையே உள்ள வெறும் மண்ணை மூட ஒரு கொடியைப் படர விடுவார்கள். இதனை மூடுபயிர் என்கிறோம். பியூரேரியா, செண்ட்ரோசீமா, கலப்பகோனியம், முக்குனா ஆகியன நம் தோட்டங்களில் படரும் கொடிகள். இவை யாவும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மண் அரிப்பைத் தடுப்பது இவற்றின் ஒரு பயன். மற்றொரு பயன் வேரில் இருக்கிறது. ஒரு கொடியை வேரோடு மெல்லப் பிடுங்கிப் பார்த்தால், வேரில் சிறு சிறு முடிச்சுகள் இருக்கும். பார்ப்பவர் ஏதோ வியாதி என்றே நினைப்பார். ஒரு முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் உள்ள சிவப்புப் பொருளுக்கு உறவான ஒன்று அங்கே இருக்கிறது.

அந்த முடிச்சுக்குள் இலட்சக்கணக்கில் குடியிருப்பது ரைசோபியம் என்னும் பாக்டீரியா. நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். பயிருக்கு மிகவும் வேண்டிய சத்து அதுவே. ஆயினும் காற்றில் உள்ள நைட்ரஜனை எந்தச் செடியாலும் நேரே எடுத்துக்கொள்ள இயலாது. சோற்றுப் பானைக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பது போன்ற நிலை அது. ரைசோபியம் அந்த நைட்ரஜனைப் பிடித்து, செடி உண்ணக்கூடிய அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. அதற்குக் கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் ஆகாது, பட்டால் கெட்டுவிடும். ஆகவே ஆக்சிஜனை அளந்து விடுவதற்காகவே அந்தச் சிவப்புப் பொருள் அங்கே இருக்கிறது. 1888ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்ஜரிங்க் இந்த நுண்ணுயிரை முடிச்சிலிருந்து பிரித்து வளர்த்துக் காட்டினார்.

இத்தகைய நண்பர்கள் இருக்க, கிருமி என்றதும் நாம் நோயை மட்டும் நினைப்பது ஏன்? அதற்கு ஒரு வரலாறு உண்டு.

நுண்ணுயிர்களை முதலில் கண்டவர் ஆண்டனி வான் லீவன்ஹூக். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்னும் ஊரில் துணி வியாபாரம் செய்தவர். கண்ணாடியைத் தாமே தீட்டி உருப்பெருக்கி செய்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய விரும்பி, மிளகை நீரில் ஊற வைத்து, அந்த நீரைப் பார்த்தார். காரத்தின் காரணம் தெரியவில்லை. நெளிந்து ஓடும் எண்ணற்ற சிற்றுயிர்கள்தான் தெரிந்தன. 1676இல் இதனை இலண்டன் அரச கழகத்திற்கு எழுதி அனுப்பினார். அப்போது அவருக்கு வியப்பே மிகுந்திருந்தது, அச்சம் இல்லை.

அச்சம் வந்தது 1880களில். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக், நுண்ணுயிர்களைத் தட்டில் தனித்தனியே வளர்க்கும் முறையைக் கையாண்டு, 1882இல் காசநோய்க்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். எத்தனையோ உயிர்களைக் காத்த பெரும் பணி அது. ஆனால் அதன் பின் நுண்ணுயிர் ஆய்வு என்பது பெரும்பாலும் எதிரியைத் தேடும் வேட்டையாகிவிட்டது. தட்டில் வளர்வதைத்தான் ஆராய முடிந்தது. வளராதவை கணக்கிலேயே வரவில்லை. இயற்கையில் உள்ள நுண்ணுயிர்களில் மிகப் பெரும்பாலானவை தட்டில் எளிதில் வளராதவை என்பது பின்னர்தான் தெரிந்தது.

இந்த வேட்டையை விட்டு, நுண்ணுயிர் வாழும் இடத்திற்கே சென்று பார்க்க வேண்டும் என்று எண்ணியவர்களுள் ஒருவர் அமெரிக்கரான தாமஸ் பிராக். யெல்லோஸ்டோன் என்னும் தேசியப் பூங்காவில் கொதிக்கும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. 1966இல் பிராக்கும் அவருடைய மாணவர் ஒருவரும் அங்கே ஓர் ஊற்றிலிருந்து தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்னும் பாக்டீரியாவை எடுத்தனர். அது 70 பாகை செல்சியஸ் சூட்டில் செழித்து வளர்ந்தது. நம் கையை வைத்தால் வெந்துவிடும் சூடு அது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று அன்று கேட்டிருந்தால் எவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது. 1983இல் கேரி முல்லிஸ் என்பவர், மரபுப் பொருளான டி.என்.ஏ.யைப் பல கோடி மடங்கு பெருக்கும் வழியொன்றைக் கண்டார். அதற்கு டி.என்.ஏ.யைத் திரும்பத் திரும்ப ஏறக்குறைய 95 பாகைக்குச் சூடாக்க வேண்டும். சாதாரண நொதிகள் ஒவ்வொரு முறையும் வெந்து கெட்டன. வெந்நீர் ஊற்றில் பிறந்த பாக்டீரியாவின் நொதி மட்டும் கெடாமல் நின்றது. முல்லிஸுக்கு 1993இல் நோபெல் பரிசு கிடைத்தது. 2020இல் கோவிட் தொற்றின்போது மூக்கில் குச்சி விட்டு எடுத்த சளியை ஆய்வுக்கூடங்களில் சோதித்தார்களே, அந்தச் சோதனை இந்த முறையில் நடந்ததுதான். வெந்நீர் ஊற்றில் எடுத்த ஒரு சிற்றுயிர், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் உலகமெங்கும் நோயைக் கண்டறிய உதவியது.

இனி நம் தலைப்புக்கு வருவோம். அந்தக் காலத்தில் உயிர்கள் அனைத்தையும் இரண்டே பிரிவாகப் பிரித்திருந்தார்கள். உயிரணுவுக்குள் உட்கரு உடையவை ஒரு பிரிவு. மரம், மாடு, காளான், மனிதன் எல்லாம் இதில் அடங்கும். உட்கரு இல்லாத பாக்டீரியாக்கள் மற்றொரு பிரிவு. உருண்டையாக இருந்தாலும் குச்சி போல் இருந்தாலும், உட்கரு இல்லையென்றால் அது பாக்டீரியாதான். இந்தப் பிரிவினை சரிதானா என்று கேட்டவர் கார்ல் வோஸ். அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். இயற்பியல் பயின்று உயிரியலுக்கு வந்தவர்.

அவர் கையாண்ட முறையை விளக்க நம் மொழியிலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். ஒரு சுவடியைப் பார்த்து இன்னொன்று எழுதும்போது எழுத்துப் பிழை நேரும். அந்தப் பிழை அடுத்த படியிலும் தொடரும். ஆகவே பாட வேறுபாடுகளை ஒப்பிட்டால், எந்தச் சுவடி எதற்கு உறவு என்பது விளங்கிவிடும். சுவடியின் மேலட்டையைப் பார்த்து அதனை அறிய முடியாது.

உயிர்களிலும் அத்தகைய ஏடு ஒன்று உண்டு. ஒவ்வோர் உயிரணுவிலும் புரதம் தயாரிக்கும் சிறு ஆலை இருக்கிறது; அதற்கு ரைபோசோம் என்று பெயர். இந்த ஆலை இல்லாத உயிரணு இல்லை. அதன் பகுதியான ஆர்.என்.ஏ., தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்பட்டு, மிக மெதுவாக மாறி வருகிறது. வோஸ் ஒவ்வொரு நுண்ணுயிரின் ஆர்.என்.ஏ.யையும் துண்டு துண்டாக்கி, படச்சுருளில் புள்ளிகளாகப் பதிவு செய்து, விளக்கொளி வீசும் மேசையில் வைத்து, பல ஆண்டுகள் கண் நோக ஒப்பிட்டுப் பார்த்தார்.

1976இல், அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் வுல்ஃப், மீத்தேன் வாயுவை உண்டாக்கும் நுண்ணுயிர் ஒன்றை அவருக்குக் கொடுத்தார். கழிவுநீர்ச் சேற்றில் கிடைத்தது அது. உருப்பெருக்கியில் பார்த்தால் சாதாரணக் குச்சிப் பாக்டீரியா போன்றே இருக்கும். ஆனால் அதன் புள்ளிகள் வேறாக இருந்தன. பாக்டீரியா எல்லாவற்றிலும் இருக்க வேண்டிய துண்டுகள் அதில் இல்லை. மரம், மனிதன் பிரிவோடும் அது சேரவில்லை. இவை பாக்டீரியாவே அல்ல என்று வோஸ் வியப்புடன் வுல்ஃபிடம் போய்ச் சொன்னாராம்.

1977 நவம்பரில் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் இதனை வெளியிட்டனர். நாளேட்டின் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ஆனால் அறிவியல் உலகம் வரவேற்கவில்லை. நோபெல் பரிசு பெற்ற ஓர் அறிஞர் வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வீண் வேலையிலிருந்து விலகிக்கொள்ளும்படி எச்சரித்தார். பலர் வோஸின் கட்டுரையைப் படிக்காமலேயே ஒதுக்கினர். அவர் சண்டைக்குப் போகவில்லை. மேலும் மேலும் நுண்ணுயிர்களை ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். 1990இல் உயிர்களை மூன்று பெருங்குடும்பங்களாகப் பிரித்து வெளியிட்டார். புதிய குடும்பத்திற்கு ஆர்க்கியா என்று பெயர். பழமையானது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. 1996இல் ஓர் ஆர்க்கியாவின் மரபுச் செய்தி முழுவதும் படிக்கப்பட்டபோது, வோஸ் சொன்னது சரி என்பதில் ஐயம் நீங்கியது. 2003இல் சுவீடன் நாட்டின் கிராஃபோர்ட் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. 2012இல் அவர் மறைந்தார்.

பாக்டீரியாவுக்கும் ஆர்க்கியாவுக்கும் என்ன வேறுபாடு? பாக்டீரியாவின் சுவரில் உள்ள ஒரு முக்கியப் பொருள் ஆர்க்கியாவில் இல்லை. ஆர்க்கியாவின் மேற்சவ்வு வேறுவகை இணைப்பால் ஆனது. மரபுச் செய்தியைப் படியெடுக்கும் கருவிகளோ, பாக்டீரியாவைவிட நம்முடைய கருவிகளை ஒத்திருக்கின்றன. இன்னொரு வியப்பு: பாக்டீரியாவில் நோய் தருபவை பல உண்டு; மனிதருக்கு நோய் தருவதாக உறுதி செய்யப்பட்ட ஆர்க்கியா இதுவரை ஒன்றுகூட இல்லை.

இவை வாழும் இடங்களைக் கேட்டால் திகைப்பு உண்டாகும். ஆழ்கடலில் வெந்நீர் பீறிடும் பிளவுகளில் வாழும் ஓர் ஆர்க்கியா, உயர்ந்த அழுத்தத்தில் 122 பாகைச் சூட்டிலும் பெருகியதை ஜப்பானிய அறிஞர்கள் 2008இல் அறிவித்தனர். உப்பளங்களில் நீர் வற்றும்போது இளஞ்சிவப்பு நிறம் படர்வதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். உப்பை விரும்பும் ஆர்க்கியாக்களுக்கு அந்த நிறத்தில் பெரும் பங்கு உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் வீட்டுக் கருவாட்டில் சில வேளை செந்நிறம் பூக்குமே, அதுவும் இவற்றின் வேலைதான். எல்லாவற்றையும் கெடாமல் காக்கும் உப்புக்குள்ளேயே இவை குடியேறிவிடுகின்றன. கொதிநீர், உப்பு போன்ற கடுமையான இடங்களில் மட்டுமே இவை வாழும் என்றுதான் முதலில் எண்ணினார்கள். 1992இல் சாதாரணக் கடல்நீரிலும் ஏராளமாக இருப்பது தெரிந்தது. பின்னர் மண்ணிலும் கண்டார்கள்.

பிற உயிர்களின் உடலிலும் இவை வாழ்கின்றன. தோட்டத்தில் புல் மேயும் பசுவைப் பாருங்கள். புல்லின் நாரைச் செரிக்கும் நொதி பசுவிடம் இல்லை. அதன் இரைப்பையின் பெரிய அறையில் வாழும் பாக்டீரியா முதலிய சிற்றுயிர்களே நாரைச் சிதைத்துக் கொடுக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகிறது. அது தேங்கினால் வேலை மந்தமாகிவிடும். அங்கே இருக்கும் ஆர்க்கியா அந்த ஹைட்ரஜனை எடுத்து, கரியமில வாயுவோடு சேர்த்து, மீத்தேன் ஆக்குகிறது. பசு அதனை ஏப்பமாக வெளியே விடுகிறது. ஒரு பசு நாளொன்றுக்கு 250 முதல் 500 லிட்டர் வரை மீத்தேன் வெளியிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

செம்பனை ஆலைக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பழுப்பு நீரில் ஓயாமல் குமிழி எழும். ஆலையில் ஒரு டன் பழக்குலையைப் பதப்படுத்தினால், அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் உண்டாகிறது. காற்றுப் படாத அக்குளத்தின் அடியில், பாக்டீரியாக்கள் கழிவைச் சிதைக்க, ஆர்க்கியாக்கள் மீத்தேன் ஆக்குகின்றன. பசுவின் வயிற்றில் நடக்கும் அதே வேலை இங்கே குளத்தளவில் நடக்கிறது. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மீத்தேன் காற்றில் கலந்துவிட்டால், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் ஏறக்குறைய 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்துவிட்டால் அது எரிபொருள். நம் நாட்டில் பல ஆலைகள் அதனைக் கொண்டு மின்சாரம் எடுக்கின்றன. நுண்ணுயிர் தன் வேலையைத்தான் செய்கிறது. அதன் பயனை அழிவாக்குவதும் ஆக்கமாக்குவதும் நம் கையில் இருக்கிறது.

நம் உடலும் இதற்கு விலக்கல்ல. 2016இல் வெளியான ஒரு கணக்கின்படி, ஒரு மனிதரின் உடலில் ஏறக்குறைய 30 இலட்சம் கோடி மனித உயிரணுக்களும் 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்களும் இருக்கின்றன. பெரும்பகுதி பெருங்குடலில் வாழ்கின்றன. மீத்தேன் ஆக்கும் ஆர்க்கியாவும் பலர் குடலில் உண்டு. நாம் தனியாள் அல்லர். ஒவ்வொருவரும் ஓர் ஊர்.

நிறைவாக ஒன்று. நமக்கும் ஆர்க்கியாவுக்கும் உள்ள உறவு என்ன? 2015இல், வட அட்லாண்டிக் கடலடிச் சேற்றில் கிடைத்த மரபுச் செய்திகளைப் படித்த அறிஞர்கள், உட்கருவுள்ள உயிர்களுக்கு மிக நெருங்கிய உறவான ஆர்க்கியாக்கள் இருப்பதைக் கண்டனர். ஏட்டைப் படித்தார்களே தவிர, உயிரோடு எவரும் பார்க்கவில்லை. ஆனால் அதற்கு முன்பே, 2006இல், ஜப்பானில் இமாச்சி என்னும் அறிஞரும் அவர் குழுவினரும், 2,533 மீட்டர் ஆழக் கடலிலிருந்து சேற்றை எடுத்து வந்திருந்தனர். பாத்திரம் தேய்க்கும் பஞ்சு போன்ற பொருளை ஒரு கலத்தில் அடுக்கி, அதில் சேற்றை ஊற வைத்து, மீத்தேன் வாயுவைச் செலுத்தி, 2,000 நாட்களுக்கு மேல் காத்திருந்தனர். குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா 20 நிமிடத்தில் இரண்டாகும். இதற்கோ 14 முதல் 25 நாட்கள் வேண்டும். கடைசியில் அந்த உறவினர் குழுவைச் சேர்ந்த ஆர்க்கியா ஒன்று வளர்ந்தது. 2020இல் அதனை உலகுக்கு அறிவித்தனர்.

கிளை போன்ற நீண்ட கைகள் அதற்கு இருந்தன. அது தனியாக வளரவில்லை. அது வெளியிடும் ஹைட்ரஜனை உண்ணும் மற்றொரு நுண்ணுயிர் அருகில் இருந்தால்தான் வளர்ந்தது. ஏறத்தாழ இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன், இத்தகைய ஆர்க்கியா ஒன்று ஒரு பாக்டீரியாவைத் தனக்குள் குடிவைத்துக்கொண்டதால்தான் உட்கருவுள்ள உயிர்கள் தோன்றின என்பது இன்று பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. அந்தக் குடித்தனத்தின் வழிவந்தவைதாம் மரமும் மாடும் நாமும்.

நேயர்களே, இவற்றைக் கேட்டுவிட்டு நோய்க்கிருமிகளை மறந்துவிட வேண்டாம். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். காசநோய்க்கு மருந்தை முழுமையாக உட்கொள்ள வேண்டும். ஆனால் நோய் செய்பவை ஒரு சிறு கூட்டமே. மற்றவை மண்ணை வளமாக்குகின்றன, மாட்டுக்குப் புல்லைச் செரித்துக் கொடுக்கின்றன, கழிவை மட்கச் செய்கின்றன. சில பேரைப் பார்த்துவிட்டு ஊரையே பழிப்பது முறையாகுமா?

வோஸ் மேலட்டையைப் பார்க்காமல் ஏட்டைப் படித்தார். நான் ஒரு பிள்ளையின் விடையை முழுமையாகப் படிக்காமல் அடித்துவிட்டேன். பாட்டி வந்து போன பின், அந்தத் தாளைத் திருப்பி வாங்கி மதிப்பெண்ணைத் திருத்தினேன். மறு வாரம் வகுப்பையே பள்ளிக்குப் பின்னால் உள்ள செம்பனைக் காட்டிற்கு அழைத்துச் சென்று, ஒரு மூடுபயிர்க் கொடியைப் பிடுங்கச் சொன்னேன். முடிச்சைக் கீறிக் காட்டியவள் அந்தச் சிறுமிதான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது.

அடுத்த முறை நீங்கள் தோட்டத்துப் பக்கம் போகும்போது, ஒரு கொடியின் வேரைப் பார்க்க மறவாதீர்கள். உடன் ஒரு பிள்ளையையும் அழைத்துச் செல்லுங்கள்.